நிலக்கரி எடையாளர்

மார்ச் முதல் செவ்வாய்.
பள்ளி ஜிம்மில், கூடைப்பந்து வளையத்துக்குக் கீழே
மடக்கு நாற்காலிகளில் ஊர்.
வாசலில் நூற்றிருபது ஜோடி பூட்ஸ்,
எல்லாவற்றிலும் ஒரே சேறு.

இங்கே பருவம் ஐந்து; ஐந்தாவதன் பெயரே சேறு.
நாற்று நட உதவாத சேறு.
கார் அச்சை விழுங்கிவிட்டுத்
தபால்காரரின் வசவை மட்டும் வெளியே துப்பும்.
ஆகவே முதல் தீர்மானம்: சாலைக்குப் புது கிரேடர்.
இரண்டரை மணி நேரம் பேசினார்கள்.
பழைய கிரேடரைப் பற்றி கேலார்ட் டாட்ரோ பேசியது
இரங்கற்பா மாதிரி இருந்தது.

சம்மதம் என்றால் 'ஐ' என்கிறார்கள் வெர்மான்ட்டில்.
எனக்கு அது வியப்பின் எழுத்து.
ஐ! பனி. ஐ! மான். ஐ! கிரேடர்.
குடியுரிமை வாங்கி ஒன்பது மாதம்;
முதல் 'ஐ'யைச் சற்று உரக்கச் சொல்லிவிட்டேன்.
நடுவர் ஓரின் பீஸ்லி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"கேட்டது," என்றார்.

மதியம் பீன்ஸும் மேப்பிள் பாகும்.
தட்டோடு நின்று
ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஒட்டியதைப் படித்தேன்.
கடல் இல்லை: நெய்தலை விட்டுவிட்ட நிலம்.
மேற்கே ஏரி, கிழக்கே ஆறு, நடுவே மலையின் முதுகெலும்பு.
வினூஸ்கி என்றால் அபெனாக்கி மொழியில் வெங்காயமாம்.
ஆறு இருக்கிறது, பெயர் இருக்கிறது,
பெயர் வைத்தவர்களிடம் வரும்போது
பிள்ளைகளுக்கு கிரேயான் தீர்ந்திருக்கிறது.
பதினான்கு வருடம் தனிக் குடியரசு, சொந்தக் காசு.
அடிமை கூடாதென்று முதலில் எழுதிவைத்ததும் இங்கேதான்:
ஆணுக்கு இருபத்தொன்று முடிந்தபின்,
பெண்ணுக்குப் பதினெட்டு.
பதினேழு வயதுக்காரி என்ன செய்தாள்?
சுவரொட்டியில் இடமில்லை.

பிறகு பதவிகள்.
வேலி பார்ப்பவர் மூவர்.
(ஆட்டுக்காக ஒருகாலத்தில் மொட்டையடித்த மலைகள்;
ஆடு போயிற்று, காடு திரும்பி வந்தது,
காட்டுக்குள் இன்னும் ஓடுகின்றன கல்வேலிகள்
இரு பக்கமும் யாருக்கும் சொந்தமில்லாத தோரணையில்.)
பலகை சோதிப்பவர் ஒருவர்.
நிலக்கரி எடையாளர்...
முந்தையவர் அக்டோபரில் இறந்துவிட்டார்.

"பால் கூட்டுறவில் கொழுப்பை எடை பார்க்கிறவள் இதோ,"
என்று என்னைக் காட்டினாள் எழுத்தர் லொரைன் திபோடோ.
"ஊரில் நிலக்கரியே இல்லையே?"
"சம்பளமும் இல்லை."
கடைசிப் பெயர் கேட்டாள். அப்பாவின் பெயரைச் சொன்னேன்:
மருதவாணன்.
நூறு 'ஐ'. எதிர்ப்பு, பழக்கத்துக்காக ஒன்று.

நெய்வேலிச் சுரங்கத்தில் முப்பத்தொரு வருடம் இருந்தவர் அவர்.
போனில் சொன்னதும் சிரிக்கவில்லை.
"நாளைக்கு எத்தனை டன் வரும்?"

ஜூலையில் ஆறு எழுந்து வந்தது.
பாலம் போயிற்று, நூலகத்தின் கீழ்த்தட்டு போயிற்று,
ஒரு தொழுவம், பதினோரு கறவைகளோடு.
மார்ச்சில் அத்தனை நேரம் திட்டு வாங்கிய கிரேடர்
மூன்று இரவு நிற்கவில்லை.
அதை வேண்டாமென்றவர்தான் ஓட்டினார்.

நான்காம் நாள், முழங்கால் வரை சகதியோடு
ஆய்வகத்துக்கு வந்தார் கேலார்ட் டாட்ரோ.
பழைய ரயில் கரையை வெள்ளம் அறுத்ததில் கிடைத்ததாம்.
என் மேஜையில் வைத்தார்:
கோழிமுட்டை அளவு, கறுப்பு, நனைந்த பளபளப்பு.
"நீதானே அதிகாரி?"

பால் கொழுப்புத் தராசைத் துடைத்தேன்.
தொண்ணூற்றேழு கிராம்.
லொரைன் பேரேட்டைத் தேடி எடுத்தாள்.
கடைசிப் பதிவு 1931.
அதற்குக் கீழே தேதி எழுதி, கையெழுத்துப் போட்டேன்.

இரவு அப்பாவிடம் சொன்னேன்.
வெகுநேரம் யோசித்தார்.

"ஈரத்தோடா, காயவைத்தா?"